மூச்சுப் பாதையும் நம் முன்னெச்சரிக்கையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

2020, 2021 ஆம் ஆண்டுகளின் கொரோனாப் பெருந்தொற்றில் வென்டிலேட்டர் எனும் சொல் நம் இல்லங்கள்தோறும் ஒலித்தது. ஆயினும் அக்கருவியோடு நோயாளியை இணைக்க, அவரது மூச்சுக்குழலில் குழாய் செலுத்தப்படும் நேரம் எத்துணை இடர் மிகுந்தது என்பதைப் பலரும் அறியார்.

வழக்கமான முறையில் மருத்துவர் நோயாளியின் வாயருகே குனிந்து, குரல்வளையை நேரில் நோக்கிக் குழாயைச் செலுத்துவார். நுரையீரல் நலிந்தவருக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் விரைந்து குறையுமாதலால் சிறு தாமதமும் உயிருக்கு ஆபத்தாகும். மருத்துவருக்கும் தொற்று அச்சம் உண்டு. 2003இல் கனடாவின் டொராண்டோ நகரில் சார்ஸ் நோய் பரவியபோது, இப்பணியில் ஈடுபட்ட மருத்துவப் பணியாளர் சிலர் அந்நோய்க்கு ஆளாயினர்.

இவ்விடரைக் குறைக்க உதவுவதே வீடியோ லாரிங்கோஸ்கோப். அதன் வளைந்த தகட்டில் சிறு கேமராவும் விளக்கும் உள்ளன. குரல்வளை திரையில் தெரிகின்றது. மருத்துவர் தம் முகத்தை விலக்கி வைத்தே பணியாற்றலாம். முதல் முயற்சியிலேயே வெற்றி பெறும் வாய்ப்பும் கூடுகின்றது. இந்திய மயக்கவியல் வல்லுநர்கள் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகளும், அனுபவம் மிக்கவரே இக்கருவியைக் கொண்டு குழாய் செலுத்துவது நன்று என்றன.

எனினும், வாய் திறந்தால்தான் தகடு நுழையும். பாக்கும் குட்காவும் மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறத் திசு இறுகி, வாய் சரிவரத் திறக்க இயலாது போகின்றது. தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாயில் நுழைக்க இயலாதவர்கள் மருத்துவரைக் காண வேண்டும். அத்தகையோருக்கு மூக்கின் வழியே செலுத்தும் வளையும் குழல்கருவி தேவைப்படலாம். அக்கருவியும் அதனைக் கையாள்பவரும் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை.

ஆகவே, முன்னர் அறுவைச் சிகிச்சையின்போது குழாய் செலுத்துவதில் சிரமம் நேர்ந்திருந்தால், அச்சீட்டைப் பாதுகாத்து வையுங்கள். கழுத்தில் கட்டி, உறக்கத்தில் பலத்த குறட்டை, ஆடும் பல், கட்டிய பல் ஆகியவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மூச்சுத் திணறல் முற்றும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். உரிய நேரத்தில் வந்தால்தான் மருத்துவர் ஆயத்தமாகிச் செயற்பட முடியும். நோயாளியின் உயிரும், அவரைக் காக்க முன்வருவோரின் நலனும் இதில் அடங்கியுள்ளன.