கம்பி எந்தத் தெரு வரைக்கும்?

(மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக நடக்கும் இரவுப் பாடசாலையின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. பேச்சுநடை ஓரளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிஞர்னு சொல்லி அறிமுகப்படுத்தினாங்க. இன்னைக்குக் கவிதை இல்லை. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பாஸ்புத்தகத்தில் வரவு போடுகிற குமாஸ்தாவாத்தான் பேசப்போறேன். பொருள் அப்படி. இந்தப் பாடசாலைக்கு நாலு கம்ப்யூட்டரும் ஒரு வருஷத்துக்கு இண்டர்நெட்டும் கொடுக்க ஒரு இண்டர்நெட் கம்பெனி முன்வந்திருக்கிறது. சமூகப் பொறுப்புப் பணி என்கிறார்கள். வைக்கிற இடம் மட்டும் இங்கே இல்லையாம், ஊருக்குள்ள இருக்கிற கூடத்திலாம். வாங்கலாமா வேண்டாமா என்று தோழர்களுக்குள் பத்து நாளா வாக்குவாதம். 'கம்பெனிக்காரன் காசு நமக்கெதுக்கு' என்பது ஒரு கட்சி. 'குடுக்கறதை வாங்கிக்க வேண்டியதுதானே' என்பது இன்னொரு கட்சி. ரெண்டு கட்சியும் கேட்காத சில கேள்விகள் இருக்கின்றன. அதைத்தான் பேசணும்.

முதலில் இந்தக் காசு யாருடைய தயவு என்று பார்ப்போம். 2013-ஆம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூணு வருஷச் சராசரி லாபத்தில் 100-க்கு 2 ரூபாயைச் சமூகக் காரியங்களுக்குச் செலவழிக்க வேண்டும். ஆகவே இது வள்ளல்தனம் இல்லை. சட்டம் போட்ட கணக்கு. தன் தொழிலுக்காகக் கம்பெனி வழக்கமா செய்யிற வேலையை இந்தக் கணக்கில் எழுதக்கூடாது என்று விதியும் இருக்கிறது. கம்பெனி தன் வியாபாரத்துக்காக நம்ம தெருவில் கோபுரம் நட்டால் அது தொழில், பொறுப்பு இல்லை. 2021-இல் விதிகளை மாத்தினார்கள். எந்தெந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தோம் என்று கம்பெனி தன் வலைத்தளத்தில் போட்டாக வேண்டும். நம்ம பேரில் எழுதப்படுகிற செலவை நாம படித்துப் பார்க்க முடியும். கையேந்தி நிற்கிறவன் கணக்குக் கேட்க மாட்டான் என்பது பொதுப்புத்தி. நாம கேட்கலாம்.

இது புதுசா வந்த சமாச்சாரமும் இல்லை. இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, புதுச்சேரி. அங்கே 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு நிதியுதவியோடு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமையிடம். இண்டர்நெட் என்றால் என்னவென்று பெரும்பாலான பட்டதாரிகளுக்கே தெரியாத காலம் அது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குப் படித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை செய்த நல்லவாடு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் அடித்தார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்துக்கு ஓடி அதன் ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். 3,500-க்கும் மேற்பட்ட ஜனங்கள் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். எந்திரம் மட்டும் காப்பாற்றவில்லை. எந்திரம் இருந்த இடம் ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது, அது அவர்கள் கைக்கு எட்டியது, அதனால் காப்பாற்றியது.

அந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், சாதி, மதம், ஆண், பெண் பார்க்காமல் எல்லாரையும் உள்ளே விட வேண்டும். ஏம்பலத்தில் மையம் கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் அமைந்தது. நல்ல நிபந்தனைதான். ஆனா அதை எழுத வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று யோசியுங்கள். ஊர் இடம் கொடுக்கும் என்றால் எந்த ஊர்? தமிழ்நாட்டில் ஊர் வேறு, சேரி வேறு. 'பொது இடம்' என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் எழுதிக்கொள்கிற இடமெல்லாம் ஊருக்குள்தான் இருக்கிறது. நிபந்தனை தாளில் இருக்கும், வாசல் வேறு தெருவில் இருக்கும்.

அடுத்தது கம்பெனிகளே இறங்கி வந்த கதை. 2007 வாக்கில் அதே ஆராய்ச்சி நிறுவனத்தோடு குவால்காம் கம்பெனியும் டாடா டெலிசர்வீசஸும் சேர்ந்து 'ஃபிஷர் ஃபிரண்ட்' என்று மீனவர்களுக்கான செல்போன் சேவையைத் தொடங்கின. அலை உயரம், காற்று வேகம், மீன் இருக்கிற இடம், சந்தை விலை எல்லாம் கையிலேயே தமிழில் கிடைத்தது. அதில் நமக்குப் பொறாமை இல்லை. கடல் உயிரைக் கேட்கும். மீனவச் சொந்தங்களுக்கு அது வேணும்.

ஆனா அதே கரையில், கடலுக்கு முதுகைக் காட்டி உப்பு வாருகிற நாமும்தான் வானத்தை நம்பிப் பிழைக்கிறோம். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் கோடை மழை அடித்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைஞ்சிடும். பாத்தியை மறுபடி மிதிக்கணும், தண்ணி மறுபடி காயணும், அத்தனை நாள் கூலி போச்சு. முந்தின நாள் சாயங்காலமே மழை வருதுன்னு தெரிஞ்சா இருக்கிற உப்பை வாரிக் கரையேற்றி, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடலாம். 2020-இல் நிவர் புயல் மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கடந்து விழுப்புரம் மாவட்டத்தையே முக்கியெடுத்தது. வானிலை கணிக்கிற அறிவு நாட்டில் இருக்கிறது. ஹைதராபாத்தில் கடல் தகவலுக்கென்றே ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது. அந்த அறிவு அளக்காரர் காதுக்கு ஒரு பாத்தி அளவுக்குப் பிரிந்து வரவில்லை. தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. உப்பு வாருகிறவர்களும் தகவல் கேட்கிறவர்கள்தான் என்று யாருக்கும் தோணவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். டாடா டெலிசர்வீசஸ் தன் செல்போன் தொழிலை ஏர்டெல்லுக்குக் கைமாற்றுவதாக 2017-இல் அறிவித்தது, 2019-இல் அது முடிந்தது. மீனவர் செயலி ஆராய்ச்சி நிறுவனத்தின் கையில் இருந்ததால் ஆண்ட்ராய்டு போனுக்கு மாறிப் பிழைத்தது. கொடுத்த கம்பெனி தொழிலை மூடினாலும் நிற்கிற மாதிரி, வாங்குகிறவன் கையில் ஏதாவது இருக்கணும். ஒரு வருஷ இண்டர்நெட் முடிஞ்ச மறுநாள் யார் கட்டுவது? 2024 ஜூலையில் மூணு பெரிய தனியார் கம்பெனிகளும் செல்போன் கட்டணத்தை ஏற்றின. ஒரு கையில் பாடசாலைக்குக் கம்ப்யூட்டர், இன்னொரு கையில் அம்மாவுடைய ரீசார்ஜ் விலையேற்றம். ரெண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கணும்.

இனி என் கவுண்டருக்கு வர்றேன். போன மாசம் அளத்து வேலை செய்யிற ஒரு அம்மா வந்தாங்க. வெளியில சின்ன மெஷினில் ஆதாருக்கு விரல் வைத்துப் பணம் எடுக்கப் போனவங்க. மூணு தரம் வைத்தும் ஏற்கவில்லை. என்னிடம் கையை விரித்துக் காட்டி, "இன்னா தம்பி, என் விரலு என்னுது இல்லேன்னு சொல்லுதே மெஷினு" என்றார்கள். உப்புத் தண்ணியில் ஊறி, பலகை பிடித்துத் தேய்ஞ்ச விரல். அதில் ரேகை எங்கே இருக்கும்? உழைச்சதுக்கு அடையாளமே அந்தத் தேய்மானம்தான். அதையே காரணம் காட்டி மெஷின் வெளியே தள்ளுகிறது.

மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளக் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு 2022-இல் கொண்டுவந்தது. நல்ல காரியம். 2021 ஆகஸ்ட் 26-இல் மத்திய அரசு அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு இ-ஷ்ரம் தளத்தைத் திறந்தது. அதில் தானாகப் பதிய ஆதாரோடு இணைத்த செல்போன் நம்பர் வேணும், இல்லாட்டி பொதுச் சேவை மையத்துக்குப் போய் விரல் வைக்கணும். நம்பர் மகன் பேரில் இருக்கும், மகன் சென்னையில் இருப்பான். ஓ.டி.பி. அவனுக்குப் போகும். மெஷினுக்கு முன்னால் அம்மா நிற்பாள். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 சொல்லுகிற கணக்கு: இந்தியாவில் இண்டர்நெட்டைத் தொட்டுப் பார்த்த பெண்கள் 100-க்கு 33 பேர், ஆண்கள் 57 பேர். அந்த அம்மா மீதி 67-இல் ஒருத்தர்.

இதற்கு நம் கையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அமில வீச்சில் முகம் சிதைந்தவர்கள் உச்சநீதிமன்றம் போனார்கள். கேமரா முன் கண் சிமிட்டினால்தான் வங்கி உயிருள்ள ஆள் என்று ஏற்கும். சிமிட்ட முடியாதவர்கள் என்ன செய்வது? 2025 ஏப்ரல் 30-இல் நீதிமன்றம் சொன்னது: டிஜிட்டல் வசதியை அடைவது, அரசியல் சட்டம் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி; உடம்பு ஒத்துழைக்காதவர்களுக்கு மாற்று வழி வேண்டும். கண் சிமிட்ட முடியாத முகத்துக்குப் பொருந்துகிற நியாயம் தேய்ஞ்ச விரலுக்கும் பொருந்தும். இதை நாம வாதாடணும்.

சரி, கம்பிக்கு வருவோம். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோக, 2018-இல் மாநில அரசு 'டான்ஃபிநெட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. கம்பி போய்ச் சேருகிற இடம் ஊராட்சி அலுவலகம். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண்ணையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். தலைவருக்கே நாற்காலி இல்லாத அலுவலகத்தில், நம்ம வீட்டுப் பொண்ணு போய் உட்கார்ந்து பரீட்சைக்கு விண்ணப்பம் போடுமா?

மகாத் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொதுக் குளங்கள் எல்லாருக்கும் என்று பம்பாய்ச் சட்டசபை 1923-இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் 1924-இல் அந்தக் குளத்தைத் திறந்துவிட்டதாகச் சொன்னது. தாளில் திறந்திருந்த குளத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க 1927 மார்ச் 20-இல் பாபாசாகேப் அம்பேத்கர் ஜனங்களைத் திரட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. குடித்ததற்கு அடி விழுந்தது. கோர்ட்டில் அந்த வழக்கு முடிய 1937 ஆனது. 'எல்லாருக்கும் இண்டர்நெட்' என்று பலகை எழுதுகிறவர்களிடம் நாம சொல்ல வேண்டியது இந்த வரலாற்றைத்தான்.

கம்பெனி சொல்லுகிற கூடம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 2013 ஏப்ரல் 25 அன்று இதே மரக்காணத்தில் தலித் வீடுகள் கொளுத்தப்பட்டன. அதுக்கப்புறம் பிறந்த பிள்ளைகள்கூட, பொழுது சாய்ஞ்சா எந்தத் தெரு வழியா போகக்கூடாதுன்னு தெரிஞ்சு வச்சிருக்குதுங்க. இரவுப் பாடசாலைக்கு என்று கொடுக்கிற கம்ப்யூட்டரை ராத்திரியில் போக முடியாத இடத்தில் வைத்தால், கணக்கில் நாம 'பயனாளிகள்'. நிஜத்தில் வெளியே.

கடைசியா ஒரு கணக்கு. 2002-இலிருந்து தொலைத்தொடர்புக் கம்பெனிகள் கணக்கிட்ட வருவாயில் 100-க்கு 5 ரூபாயை அனைவருக்கும் சேவைக்கான நிதிக்குக் கட்டவேண்டும். கிராமத்துக்கும் விடுபட்ட ஜனங்களுக்கும் தொடர்பு கொடுக்கத்தான் அந்த நிதி. 2023 சட்டத்துக்குப் பின் அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர். அந்த 5 ரூபாய் எங்கிருந்து வருகிறது? நீங்க போடுகிற ரீசார்ஜிலிருந்துதான். அளத்துக் கூலியில் பிடித்த காசு அது. அதனால் சமூகப் பொறுப்பு என்று யாராவது நம்மிடம் பேசினால், நாம நன்றிக்கடன் பட்டவர்களாகத் தலைகுனிய வேண்டியதில்லை. பங்குதாரர்களாக உட்கார்ந்து பேசலாம்.

என் கருத்து, வாங்கலாம். நாலு நிபந்தனை போட்டு வாங்கலாம். ஒன்று, கம்ப்யூட்டர் இந்தச் சேரியில், இந்தப் பாடசாலையில் இருக்கணும். சாவி நம்ம பெண்கள் கையில் இருக்கணும். ஊர்ப் பிள்ளைகள் வந்தா கதவு திறந்திருக்கும், நாம யாரையும் தடுக்க மாட்டோம். ரெண்டு, ஒரு வருஷம் இல்லை, மூணு வருஷத்துக்கு இணைப்பு. அதுக்குள்ள நம்ம பொண்ணுங்க ரெண்டு பேருக்கு எந்திரத்தைப் பழுது பார்க்கவும் நடத்தவும் கற்றுக்கொடுக்கணும். மூணு, தினம் சாயங்காலம் மழைக் கணிப்பு தமிழில், அளத்துக்குக் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில். நாலு, செலவுக் கணக்கை இதே இடத்தில் நம் முன்னால் படிக்கணும். சுத்துப்பட்டு ஊராட்சிகளில் இருக்கிற தோழர்கள், கம்பி எந்தத் தெருவில் நிற்கிறது என்ற கேள்வியைக் கிராமசபையில் தீர்மானமாகவே எழுதிக் கொடுக்கணும்.

கம்பெனி ஒத்துக்கொள்ளாவிட்டால்? அப்போ அவர்கள் தேடியது நம்மை இல்லை, நம்ம போட்டோவை. அதை மறுக்கலாம். மறுத்துட்டு, மேலே சொன்ன நிதியிலிருந்து இதையே உரிமையாக் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுவோம். மனுவை நான் எழுதிக்கொண்டுவந்திருக்கேன். கூட்டம் முடிஞ்சதும் கையெழுத்துப் போடுங்க. கையெழுத்து வராதவங்க கைநாட்டு வைங்க. தேய்ஞ்ச விரலானாலும் பரவாயில்லை, தாள் ஏற்றுக்கும்.