மலைச்சாலையும் வாரக் கணக்கும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் நெடுந்தொலைவு ஓட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே, இரண்டுக்கும் என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். உறவு உண்டு. நம் முன்னோர் பொதுத்தெருவில் செருப்பணிந்து நடக்கவும் உரிமையற்றிருந்த காலம் ஒன்று இருந்தது. இம்மலைக்கு அப்பாலுள்ள கேரள மண்ணில், 1893ஆம் ஆண்டு அய்யன்காளி வில்வண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றதே பெரும் போராட்டமாயிற்று. இன்று நம் பிள்ளைகள் வைகறையில் போடியிலிருந்து முந்தல் நோக்கிக் காலணியணிந்து ஓடுகின்றனர். ஓடும் உரிமை வந்துவிட்டது. எப்படி ஓடுவது என்னும் அறிவும் உடன் வரவேண்டும்.

அந்த அறிவு இல்லாமையால் நாங்கள் செய்த பிழையொன்றை முதலில் ஒப்புக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், போட்டிக்கு ஆறு வாரமே இருந்த நிலையில், திறமை மிக்க மாணவன் ஒருவனுக்கு வார ஓட்டத்தை 20 கிலோமீட்டரிலிருந்து ஒரேயடியாக 45 ஆக உயர்த்தினோம். மூன்றாம் வாரம் கணைக்கால் வலிக்கிறது என்றான். "பொறுத்துக்கொள் தம்பி" என்றோம். எலும்பில் நுண்முறிவு என்று மருத்துவர் சொன்னபோதுதான் எங்கள் அறியாமை எங்களுக்குப் புரிந்தது. அவன் போட்டி நாளன்று கட்டிலில் கிடந்தான். அவன் உழைப்பில் குறையில்லை. குறை எங்கள் கணக்கில் இருந்தது.

பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் வலுப்பெறுகின்றன. மூச்சு எளிதாகிறது, இன்னும் ஓடலாம் என்று மனம் தூண்டுகிறது. எலும்பும் தசைநாணும் அவ்வளவு விரைவில் உறுதிப்படுவதில்லை. அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். இந்த இடைவெளியில்தான் காயம் நுழைகிறது.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே என்பது பலரும் சொல்லும் விதி. நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, புதிய ஓட்டக்காரர்களை இரு பிரிவாக்கிப் பார்த்தது. பத்து விழுக்காட்டு விதிப்படி மெல்லக் கூட்டியவர்களிலும், அதைவிட விரைவாகக் கூட்டியவர்களிலும் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பேர் காயமுற்றனர். ஆகவே எண் ஒன்றே காப்பாகாது. உடல் தரும் குறிப்பையும் கேட்கவேண்டும்.

இப்பொழுது நாங்கள் கைக்கொள்ளும் முறை எளியது. முதல் மூன்று வாரங்கள் வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 5 கிலோமீட்டர், ஆக 20. அடுத்த மூன்று வாரங்கள் 24, பின்னர் 28, பின்னர் 32. ஒவ்வொரு படியிலும் மூன்று வாரம் நின்ற பிறகே அடுத்த படி. பெரும்பகுதியை அருகில் ஓடுபவரோடு தடையின்றிப் பேசக்கூடிய வேகத்திலேயே ஓடவேண்டும். மறுநாளும் ஓரிடத்திலேயே வலி நிலைத்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டவேண்டும்.

ஏலத்தோட்டம் அறிந்த தாய்மார்களுக்கு இது புதிதாகாது. நட்ட செடி மூன்றாம் ஆண்டில்தான் பலன் தரத் தொடங்குகிறது. ஒரே நாளில் எல்லாக் காயும் முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் கொய்து, ஒரு மாதத்துக்கு மேல் கழித்து மீண்டும் அதே செடிக்கு வருகிறீர்கள். அவசரக் கை செடியைக் கெடுக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். காலணித் தொழிற்சாலையில் உழைத்தவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத அவர், எத்தனை தொலைவு ஓடலாம் என்பதைப் பல்லாண்டுகள் தம் உடலிலேயே சோதித்தறிந்தார். அவர் மாணவர் வாரம் 160 கிலோமீட்டர் வரை ஓடினர். மலைப்பாதையில் ஒரே நாளில் 35 கிலோமீட்டர் ஓடுவதும் அதில் அடங்கும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர்களுள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றனர். தோல் தைக்கும் தொழிலை இழிவென்று கற்பித்த நாட்டில் வாழும் நாம் இவ்வரலாற்றை நினைவில் கொள்ளவேண்டும். ஆனால் அந்த 160ஐக் கண்டு மயங்கவேண்டாம். அது ஆண்டுக்கணக்கில் ஏறிய படி. பதினாறு வயதுப் பிள்ளைக்கு உரியதன்று.

நம்மிடமும் மலை இருக்கிறது. போடிமெட்டுச் சாலை கொண்டையூசி வளைவுகளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். தொடைத்தசையை அதிகம் புண்ணாக்குவது இறக்கமே. எனவே ஏறியவர்கள் நடந்தோ பேருந்திலோ இறங்குவது நன்று. வழக்கமான பயிற்சிக்கு அடிவாரச் சமநிலமே போதும்.

இனிச் சொல்வதே எங்கள் உரையின் உயிர். எந்த ஓட்ட நூலிலும் நம் பிள்ளைகளின் வாரம் எழுதப்படவில்லை. விடியுமுன் ஜீப்பில் நெருங்கியமர்ந்து பூப்பாறைப் பக்கம் வேலைக்குச் செல்லும் தாயின் மகள், விடுமுறை நாளில் தானும் உடன் செல்கிறாள். நாள் முழுதும் சரிவில் நின்று, குனிந்து, சுமந்து திரும்புகிறாள். அவள் ஓட்டக் கணக்கேட்டில் அந்நாள் 'ஓய்வு' என்று பதிவாகிறது. அது ஓய்வன்று, பெற்றோர்களே! அந்த உழைப்பும் அவ்வாரக் கணக்கில் சேரவேண்டும். அடுத்த நாள் ஓட்டம் குறையவேண்டும். உழைத்துப் பழகிய உடல் எதையும் தாங்கும் என்னும் பேச்சு, நம்மிடம் மிகுதியாக வேலை வாங்கியவர்கள் சொல்லிவந்த பேச்சு. அதை நாமும் நம் பிள்ளைகளிடம் சொல்லலாகாது.

உணவும் அவ்வாறே. உண்பது குறைந்து ஓட்டம் மிகுந்தால் எலும்பு நலியும். பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தவறும். அதை நாணத்தால் மறைக்கவேண்டாம். அரசு மருத்துவமனையில் இரத்தச்சோகைச் சோதனை செய்துகொள்ளச் செய்யுங்கள். முட்டையும் பயறும் கேழ்வரகும் கீரையும் ஓட்டக்காரரின் கருவிகளே.

புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்த கோ. இலட்சுமணன் 2017இல் புவனேசுவரத்தில் ஆசியத் தடகளப் போட்டியின் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே மாவட்டத்தில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராசன் 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளி, பாலினச் சோதனையைக் காட்டிப் பறிக்கப்பட்டது. அந்நாளில் சட்டமும் மருத்துவமும் கற்ற நம்மவர் ஆயிரம்பேர் அவர் பக்கம் நின்றிருக்கவேண்டாமா? ஓடுகின்ற பிள்ளைக்குத் துணையாகப் படித்த பிள்ளையும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு வாரமும் சேர்த்தது கொஞ்சம்தான், சேர்ந்திருப்பதோ பெரிது. ஆகவே ஒரு வேண்டுகோளோடு அமைகிறோம். ஓடும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கேடு இருக்கட்டும். ஓடிய தொலைவு, உழைத்த நேரம், உண்ட உணவு, உறங்கிய நேரம் ஆகிய நான்கையும் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். எழுத்தறிவு நம் வீடுகளுக்கு வந்ததன் பயன்களுள் அதுவும் ஒன்றாகட்டும்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விப்பணி!