பட்டத்தைத் துறந்தார், பதவியை இழந்தார்

(நமது சங்கத்தின் ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் வேலைக்காக உல்லாஸ்நகர் போய் வருகிறோம். அங்கே கடை வைத்திருக்கும் சிந்திக் குடும்பங்கள் 1947-க்குப் பின் அகதிகளாக வந்து, பழைய ராணுவ முகாம் கொட்டகைகளில் குடியேறியவர்கள். அவர்கள் விட்டுவந்த சிந்து மாகாணத்தில் பிரதமராக இருந்த ஒரு முஸ்லிம் தலைவரைப் பற்றி இன்று பேசுகிறேன். மாகாண முதலமைச்சரை அன்று பிரதமர் என்றே அழைத்தார்கள்.

அவர் பெயர் அல்லா பக்ஷ் சூம்ரோ. சிக்கார்ப்பூர்க்காரர், கதர் கட்டியவர். காங்கிரஸ்காரர் அல்ல, முஸ்லிம் லீக்கிலும் சேரவில்லை. 1936 வரை பம்பாய் மாகாணத்தோடு இருந்த சிந்து தனியாகப் பிரிந்தபின், 1938-ல் ஆட்சிப் பொறுப்பேற்றார். 1939-ல் சுக்கூரில் கலவரம் மூண்டு பல உயிர்கள் போயின. அவருடைய ஆட்சியால் அதைத் தடுக்க முடியவில்லை. அந்தக் குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1940-ல் பதவி போயிற்று.

அந்த ஆண்டு மார்ச் மாதம் லாகூரில் லீக் தனிநாட்டுத் தீர்மானம் போட்டது. அடுத்த மாதமே டெல்லியில் ஆசாத் முஸ்லிம் மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் அல்லா பக்ஷ். உலமாக்கள் வந்தார்கள். நெசவாளர்களின் மோமின் மாநாட்டாரும் வந்தார்கள். பிரிவினை வேண்டாம், லீக் மட்டுமே எங்கள் வாய் அல்ல என்றார்கள். ஆனால், தோழர்களே, நாட்டின் தலைவிதியை முடிவு செய்த 1946 தேர்தலில் வாக்குரிமை யாருக்கு இருந்தது? சொத்தோ வரியோ படிப்போ உள்ளவர்களுக்குத்தான். தறிக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லை!

1941-ல் அல்லா பக்ஷ் மீண்டும் பிரதமரானார். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தது. செப்டம்பரில் சர்ச்சில் லண்டன் பாராளுமன்றத்தில் இந்தியாவை இழித்துப் பேசினார். உடனே அல்லா பக்ஷ், வெள்ளையர் தந்த 'கான் பகதூர்' பட்டத்தையும் 'ஓ.பி.இ.' விருதையும் துறந்தார். அக்டோபரில் கவர்னர் அவரைப் பதவி நீக்கினார். சட்டசபை அவரைத் தோற்கடிக்கவில்லை. கவர்னருக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டதாம்! அந்த இடத்தில் லீக்கின் மந்திரிசபை வந்தது. 1943 மார்ச்சில் சிந்து சட்டசபையே பாகிஸ்தான் தீர்மானத்தை நிறைவேற்றியது. அடுத்த மே 14-ஆம் தேதி, சொந்த ஊரில் குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? தேர்தல் வந்தால், "மதராசி ஓட்டு முழுதும் என் பையில்" என்று விலை பேசுகிறவர் நம் பகுதியிலும் உண்டு. கலவரம் வந்தால், "உங்கள் ஆட்கள் சார்பில் நானே பேசுகிறேன்" என்று முன்னே நிற்பவரும் உண்டு. அவரை அனுப்பியது யார் என்று நாம் கேட்பதில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒன்றாக உட்கார்ந்து, நம் பேச்சை நாமே பேச வேண்டும். நமக்கு ஓட்டு இருக்கிறது. அந்த நெசவாளிக்கு அது இல்லை.