ஐந்து கோடுகளும் மூன்று சாவிகளும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு விழாவில் இதே மேடையில் யாம் செல்லோ வாசித்தது உங்களுள் சிலருக்கு நினைவிருக்கலாம். முதல் ஒலியிலேயே நிறுத்தி, மறுபடி தொடங்கினோம். சுருதி சேர்த்துக்கொள்கிறோம் என்று எண்ணிப் பெருந்தன்மையுடன் கைதட்டினீர்கள். நடந்தது அதுவன்று. அதனை ஒப்புக்கொள்ளவே இன்று பேச இசைந்தோம்.

செல்லோ வயலின் குடும்பத்துப் பெரிய கருவி. நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வில்லால் வாசிப்பது. தந்திகள் 4. தாழ்ந்ததிலிருந்து அவை சி, ஜி, டி, ஏ எனப்படும். ஒவ்வொன்றுக்கும் அடுத்தது, நம் முறையில் சொன்னால், சட்சத்துக்குப் பஞ்சமம் போன்றது. பணி ஓய்வு பெற்ற பின்னர், இம்மும்பையில் வாழும் கோவாக்காரப் பெரியவர் ஒருவரிடம் கற்கத் தொடங்கினோம். இளமையில் கருநாடக வயலின் பயின்றிருந்த துணிவே அதற்குக் காரணம்.

அத்துணிவு காகிதத்தைக் கண்டதும் கரைந்தது. மேனாட்டு இசையை ஐந்து கோடுகளின் மேல் எழுதுகின்றனர். கோடுகள் தாமாக ஒன்றும் சொல்லா. வரிசையின் தொடக்கத்தில் 'கிளெஃப்' என்னும் குறி ஒன்று நின்று, எந்தக் கோடு எந்தச் சுரம் என்று அறிவிக்கும். கிளெஃப் என்பது பிரெஞ்சு மொழியில் சாவி. போர்த்துகீசியரிடமிருந்து நாம் பெற்ற 'சாவி' என்னும் சொல்லும் அதுவும் ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள் என்று அறிந்தபோது சற்றே ஆறுதல் அடைந்தோம். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி கீதோ, எஃப் கோட்டுக்குச் சிவப்பும் சி கோட்டுக்கு மஞ்சளும் தீட்டச் சொன்னார். கோட்டின் தலைப்பில் எழுதிய எழுத்துகளே நாளடைவில் வளைந்தும் சுழித்தும் இன்றைய குறிகளாயின.

செல்லோவின் ஒலி மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து பெண்குரலின் உயரம் வரை செல்லும். ஒரே சாவியால் அவ்வளவையும் எழுதினால் கோடுகளுக்கு மேலே ஏணிப்படிபோலத் துணைக்கோடுகளை அடுக்க வேண்டும், கண் தடுமாறும். ஆகவே தாழ்ந்த பகுதிக்கு பேஸ், இடைப்பகுதிக்கு டெனர், உச்சிக்கு டிரெபிள் என மூன்று சாவிகள் வழங்குகின்றன. நடுக்கோட்டில் ஒரு புள்ளி இருக்கிறது என்று கொள்வோம். பேஸ் சாவியில் அது விரல் வைக்காத டி தந்தி. டெனர் சாவியில் அதே புள்ளி விரல் வைக்காத ஏ தந்தி. டிரெபிளில் அதுவே மேல் பி; கை அந்த ஏ தந்தியின் பாதியைக் கடந்து இறங்க வேண்டும். நம் இசையில் சட்சத்தை எந்தக் கட்டையில் வைத்தாலும் அது சட்சமே. இங்கோ கோடு இருந்த இடத்திலேயே இருக்க, பெயர் மாறிவிடுகிறது! பழைய பதிப்புகள் சிலவற்றில் டிரெபிளில் எழுதியதை ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க வேண்டும் என்னும் வழக்கமும் உண்டு. பீத்தோவன், துவோர்சாக் ஆகியோர் அவ்வாறு எழுதியுள்ளனர். அக்கொடுமையை விரித்துரைக்க இங்கு நேரமில்லை.

டெனர் சாவிக்கு யாம் முதலில் கண்ட வழி, ஒவ்வொரு புள்ளியின் கீழும் பென்சிலால் பெயர் எழுதுவது. ஆசிரியர் ஒன்றும் பேசாமல் ரப்பரால் அழித்தார். பிறகு ஒரு தந்திரம் கண்டுபிடித்தோம். டெனர் சாவி பேஸ் சாவியைவிடச் சரியாக ஒரு பஞ்சமம் உயர்ந்தது. தந்திகளின் இடைவெளியும் பஞ்சமமே. ஆகவே பேஸ் என்றே எண்ணிப் படித்து, விரல்களை அடுத்த தந்திக்கு மாற்றினால் போதும். மாதக்கணக்கில் இதனால் பிழைத்தோம். படிக்கத் தெரிந்துவிட்டது என்றே நம்பினோம்.

சென்ற ஆண்டு வாசித்தது சேன்-சான்ஸ் 1886இல் இயற்றிய 'அன்னம்'. 'விலங்குகளின் திருவிழா' என்னும் தொகுதியில் தம் வாழ்நாளில் வெளியிட அவர் இசைந்தது இஃதொன்றே. பியானோ அலைபோலத் தொடங்க, செல்லோ உயர்ந்த ஜி சுரத்தில் நுழைய வேண்டும். எம் பதிப்பில் அது டெனர் சாவியில், முதல் துணைக்கோட்டின்மேல் இருந்தது. பேஸ் சாவியாகப் படித்தால் அது ஏ தந்தியில் உள்ள சி. அடுத்த தந்திக்கு மாற்ற வேண்டும். ஆனால் ஏ தந்திக்கு அப்பால் தந்தியே இல்லை. வீட்டில் மனப்பாடமாக வாசித்தபோது தெரியாத இது, மேடையில் அச்சத்துடன் தாளைப் பார்த்த நொடியில் தெரிந்தது. விரல் சியின்மேல் விழுந்தது.

அதன்பின் ஓராண்டு, டெனர் சாவியைப் புதிய எழுத்தாகவே பயின்றோம். மேலிருந்து இரண்டாம் கோடு சி. அதிலிருந்து மேலும் கீழும் எண்ணி, நாளும் பத்து வரிகள். அரிச்சுவடிப் பிள்ளையின் நிலைதான். நாணமாகவே இருந்தது.

இன்று மாலை எம் பேத்தி பாடப் போகிறாள். பாட்டைப் பள்ளியில் கற்ற தேவநாகரி எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். பெரும்பாலும் சரியாகவே வந்தது. 'தமிழ்' என்னும் சொல்லில் மட்டும் நாக்கு நின்றது; பள்ளி கற்பித்த எழுத்துகளில் ழகரம் இல்லை; ளகரத்தை எழுதியிருந்தாள். யாம் ரப்பரை எடுக்கவில்லை. ழகரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினோம். அவளே ளகரங்களை அடித்துவிட்டு, தேவநாகரி வரிகளின் நடுவே ஐந்து இடங்களில் அதனை எழுதிக்கொண்டாள். ஆறாவது நாள் முதல் வரி முழுவதையும் தமிழில் எழுதி வந்து காட்டினாள்.

அவள் பாடியபின் 'அன்னம்' மீண்டும் உண்டு. இம்முறை முதல் ஒலி ஜி.