சிறுகடலும் அதன் சொற்களும்

(பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘நெய்தல்’ என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். தொகைநூல்களின் நெய்தலைப் பற்றி இவ்வவையில் பலமுறை பேசியாயிற்று. என்னினும் தகுதி வாய்ந்தோர் பேசியிருக்கின்றனர். ஆகவே அயல்நாட்டு நெய்தல் ஒன்றை இன்று உங்கள்முன் வைக்கிறேன். பிரான்சின் மேற்குக் கோடியில், அத்லாந்திக் பெருங்கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரெத்தாஞ் என்னும் நிலப்பகுதியின் தென்கரையில் அது உள்ளது. பாரிசில் ஒரு கருத்தரங்கை முடித்துக்கொண்டு, 2025 அக்டோபர் இறுதியில் ஐந்து நாட்கள் அங்கே ஊர் ஊராகச் சுற்றிவந்தேன்.

அந்நீர்ப்பரப்பின் பெயர் மோர்பிஆன். ‘மோர்’ என்றால் கடல். ‘பிஹான்’ என்றால் சிறியது. சிறுகடல். அதைச் சூழ்ந்த மாவட்டத்துக்கும் அதுவே பெயர். பிரான்சின் மாவட்டங்களுள் முழுமையாகப் பிரெத்தோன் மொழியில் பெயர் கொண்டது இது ஒன்றே. பிரெத்தோன், பிரெஞ்சின் கிளைமொழி அன்று. வேல்சு மொழியின் உடன்பிறப்பு, கெல்திக் இனத்தது, கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பிரித்தன் தீவிலிருந்து கடல் கடந்து வந்தோர் கொண்டுவந்தது.

இந்தச் சிறுகடலைத் தமிழில் என்னவென்று சொல்வது? வளைகுடா என்று படநூல்கள் எழுதும், அது பொருந்தவில்லை. கழி என்னும் நம் பழஞ்சொல்லே அண்மையில் நிற்கிறது. ஏறத்தாழ 115 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. அதற்குப் பெருங்கடலோடு உள்ள தொடர்பு, லொக்மரியாக்கேர் ஊருக்கும் போர் நவாலோ துறைக்கும் இடைப்பட்ட, ஒரு கிலோமீட்டருக்கும் குறுகிய வாய் ஒன்றுதான். அந்த வாய் வழியே ஒவ்வோர் ஓதத்துக்கும் கடல் உள்ளே பாய்ந்து, திரும்ப வெளியேறுகிறது. ஐரோப்பாவின் மிக விசையுள்ள ஓத நீரோட்டங்களுள் ஒன்று இது. வாயில் நீர் நிறைந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழிந்த பின்னரே உள்கோடியிலுள்ள வான் நகரில் நிறைகிறது. காலையில் படகு மிதந்த இடத்தில் பிற்பகலில் சேறு. அச்சேற்றில் நூற்றுக்கணக்கான பறவைகள். ஒரே இடத்தைக் காலையிலும் மாலையிலும் பார்த்தால் இருவேறு ஊர்கள்.

ஆண்டில் எத்தனை நாட்களோ அத்தனை தீவுகள் என்று அவ்வூரார் சொல்வர். எண்ணிப் பார்த்தவர்கள் அறுபதுக்குள் அடக்கிவிடுகின்றனர். காட்டிலிருந்து துரத்தப்பட்ட தேவதைகள் அழுத கண்ணீரே இக்கழி என்றும், அவர்கள் வீசியெறிந்த மணிமுடிகளே தீவுகள் என்றும் கதையுண்டு. கதை அழகானதுதான், எனக்கு உண்மை அதைவிடப் பெரிதாகப் பட்டது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கிருப்பதைவிடப் பல மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று நீராக இருப்பதில் பெரும்பகுதி அன்று நிலம். எர் லானிக் என்னும் சின்னஞ்சிறு தீவில் புதிய கற்கால மக்கள் நட்ட கல்வட்டங்கள் இரண்டு உள்ளன. ஒன்றில் பாதி கரைமேல் நிற்கிறது. மீதி நீருக்குள் இறங்கிவிட்டது. பறவைகள் முட்டையிடும் இடமாதலால் அங்கே இறங்க எவருக்கும் இசைவில்லை. படகிலிருந்தபடியே பார்த்தேன். கல்வரிசை ஒன்று, ஊர்வலம் போவதுபோல, நீரை நோக்கி நடந்து மறைகிறது. கடல்கோள் என்ற சொல்லை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவருபவள் நான். அச்சொல் கண்முன் நின்ற இடம் அதுவே.

அடுத்த தீவு கவ்ரினிசு. ‘ஆட்டுத் தீவு’ என்று பொருள் கூறுவது வழக்கம். பழைய ஆவணங்களில் வரும் பெயர் வடிவம் அதற்கு இடந்தராது என்று அறிஞர் மறுக்கின்றனர். (ஊர்ப்பெயருக்கு இனிய பொருள் கற்பிக்கும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று என்பதில் எனக்கொரு சிறு மகிழ்ச்சி.) ஐம்பது மீட்டர் அகலமுள்ள கற்குவைக்குள் 14 மீட்டர் நீளமான குறுகிய நடை, இருபுறமும் பலகைக் கற்கள், அவற்றுள் பெரும்பாலானவற்றில் அலையலையாக, வில் வில்லாகச் செதுக்கிய கோடுகள். காலம் கி.மு. 4000ஐ ஒட்டியது. அந்த அறையின் கூரைக்கல்லில் உள்ள விலங்குருவம் பாதியில் நின்றுவிடுகிறது. மறுபாதி லொக்மரியாக்கேரில் உள்ள கல்திட்டையின் கூரைக்கல்லில் இருப்பது 1984இல் கண்டறியப்பட்டது. கண்டவர் தொல்லியலாளர் ஷார்ல்-தாங்கி லெ ரூ. நெடிய நடுகல் ஒன்றைத் துண்டாக்கி வெவ்வேறு கல்லறைகளுக்குக் கூரையாக்கியிருக்கின்றனர். முன்னோர் நட்ட கல்லை பின்வந்த தலைமுறையே உடைத்திருக்கிறது. ஏன் உடைத்தார்கள் என்பதற்கு விடையாகச் சொல்லப்படுவன யாவும் ஊகங்களே.

இங்கே ஒரு செய்தி. நம் தொல்லியல் வகுப்புகளில் ‘மென்ஹிர்’, ‘டோல்மென்’ என்று நாள்தோறும் சொல்கிறோம். அவை பிரெத்தோன் சொற்களைக் கொண்டு ஆக்கப்பட்டவை. ‘மென்’ கல், ‘ஹிர்’ நெடியது, ‘டோல்’ மேசை. கொடுமணலையும் மல்லசந்திரத்தையும் விளக்கும்போது ஒரு சிறுமொழியின் சொற்களை நாம் வாயில் சுமந்திருக்கிறோம். 2025 ஜூலையில் கார்னாக் மற்றும் மோர்பிஆன் கரைகளின் பெருங்கற்சின்னங்கள் யுனெசுகோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. கழியும் 1991 முதல் ராம்சார் பட்டியலில் உள்ளது. 2014 முதல் வட்டார இயற்கைப் பூங்காவாகவும் உள்ளது. கல்லும் நீரும் இவ்வாறு காக்கப்பட்டன. அவற்றுக்குப் பெயரிட்ட மொழியைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கழியின் தெற்கே ருயிசு என்னும் நிலநாக்கு. அங்குள்ள சேன் ழில்தா மடத்துக்குத் தலைவராக 12ஆம் நூற்றாண்டில் வந்தவர் அபெலார், எலொயீசின் காதலராக உலகறிந்த அதே மெய்யியலாளர். அவரும் பிரெத்தாஞ் மண்ணிலேயே, நாந்து நகருக்கருகே பிறந்தவர்தாம். ஆயினும் ருயிசு மக்களின் பேச்சு தமக்கு விளங்காத மொழி என்று தம் துயர வரலாற்றில் நொந்து எழுதினார். கற்றவரின் இலத்தீனுக்கும் கரையோரத்தாரின் பேச்சுக்கும் நடுவே அன்றே அத்தனை தொலைவு.

19, 20ஆம் நூற்றாண்டுகளில் அத்தொலைவு தண்டனையாயிற்று. பள்ளியில் பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பு போன்ற ஏதேனுமொரு பொருளைக் கட்டித் தொங்கவிடுவர். வேறொரு பிள்ளை அம்மொழியைப் பேசுவதைக் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுத்தால் அது கைமாறும். மொழியைக் கொல்ல ஆசிரியர் மட்டும் போதாது, தோழரும் வேண்டும் என்பதை அறிந்த ஏற்பாடு அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசிய மொழியை, 2018 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டியோர் பேசினர். 2024இல் ஏறத்தாழ 1,07,000 பேர். அவருள் முதியோரே மிகுதி. 1977இல் தொடங்கிய ‘திவான்’ பள்ளிகள் எல்லாப் பாடங்களையும் பிரெத்தோனில் கற்பிக்கின்றன. திவான் என்றால் முளை. மோர்பிஆனின் நாடாளுமன்ற உறுப்பினர் போல் மொலாக் கொண்டுவந்த வட்டாரமொழிச் சட்டம் 2021இல் நிறைவேறியது. ஆனால் இத்தகைய முழுமொழிக் கல்வியை ஏற்ற பிரிவை அதே மே மாதத்தில் அரசமைப்பு மன்றம் நீக்கிவிட்டது. பள்ளிகள் இன்றும் நடக்கின்றன, உறுதியற்ற நிலத்தின்மேல்.

இந்த மொழிக்குள்ளும் வழக்கு வேறுபாடு உண்டு. கழியைச் சூழ்ந்தோர் பேசுவது வான் வழக்கு. மற்றப் பகுதியினர் சொல்லின் ஈற்றயலசையை அழுத்த, இவர்கள் ஈற்றசையை அழுத்துவர். பிறர் ‘ஸ’ ஒலிக்கும் பல இடங்களில் இவர்கள் ‘ஹ’ என்பர். தங்கள் நாட்டை அவர்கள் ‘பிரெய்ஸ்’ என்றால் இவர்கள் ‘பிரெய்ஹ்’. 1941இல் பொது எழுத்துமுறை வகுத்தோர் சண்டையைத் தீர்க்க இரண்டு எழுத்தையும் அருகருகே அமர்த்தினர்: இசட்டும் எச்சும். படிப்பவர் தத்தம் ஊர் ஒலியைக் கொள்ளலாம். உரோம எழுத்தில் நம் ழகரத்துக்கு நாம் தேர்ந்த அதே இணை! லார்மோர்-பாடேன் துறையில் சிப்பி வளர்க்கும் முதியவர் ஒருவர் கடற்பாசியைக் காட்டி ‘பெஹின்’ என்றார். என் கையிலிருந்த அகராதியில் அந்த இணையெழுத்தோடு அச்சொல் இருந்தது. ‘அகராதி சரியாகத்தான் எழுதியிருக்கிறது, ஆனால் அதற்குக் காதில்லை’ என்று சிரித்தார். தம் பேரப்பிள்ளைகளுக்கு அச்சொல் தெரியாது என்பதையும் அதே சிரிப்போடு சொன்னார்.

அவரிடம் கடலின் நிறத்தைக் கேட்டேன். ‘கிளாஸ்’ என்றார். எதிரே இருந்த புல்லின் நிறம்? அதுவும் ‘கிளாஸ்’. வானுக்கும் கடலுக்கும் தழைக்கும் ஒரே சொல். சாயம் பூசிய பச்சைக்கு வேறு சொல். மாயோனின் நிறத்தைப் பச்சை என்றும் நீலம் என்றும் கருமை என்றும் பாடிய மரபினராகிய நமக்கு இது வியப்பன்று. ஆனால் பிரெஞ்சில் எழுதும்போது நீலமா பச்சையா என்று முடிவு செய்தாக வேண்டும். ஒரு பிரெத்தோன் கவிதை பிரெஞ்சு வழியாக நம்மிடம் வரும்போது அந்த முடிவு நமக்கு முன்பே, வேறொருவரால், எடுக்கப்பட்டிருக்கும். நாம் பெறுவது கவிதையின் நிறத்தையா, மொழிபெயர்த்தவரின் நிறத்தையா? ஆங்கிலத்தின் வழியே உலகக் கவிதையைத் தமிழாக்கும் நண்பர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன்.

செனே என்னும் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. அங்கிருந்த உப்பளங்கள் கைவிடப்பட்டபின் நீர்ப்பறவைகளுக்கு வீடாயின. 1996இல் தேசிய இயற்கைக் காப்பகமாயின. பழைய வரப்புகளையும் மதகுகளையும் காத்து, நீர்மட்டத்தை ஏற்றியிறக்கிப் பேணுகின்றனர். கோணமூக்கு உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் அங்கே கூடு கட்டுகின்றன. கழியின் கடற்புல்லை மேயச் சைபீரியாவிலிருந்து கருங்கழுத்து வாத்துகள் குளிர்காலத்துக்கு வருகின்றன. நான் சென்றபோது வந்திறங்கியிருந்தன. தானாக விட்டுவிட்டால் அளம் மேடாகிவிடும். ஆள் ஒருவர் நாள்தோறும் மதகைத் திறந்து மூட வேண்டும்.

இறுதியாக ஒரு கவிஞர். இக்கழிக்கு மேற்கே பெருங்கடலிலுள்ள குருவா தீவில், 1888இல், ஒரு மீனவர் வீட்டில் பிறந்தவர் யான்-பெர் கலோஹ். 1902இல் தந்தையைக் கடல் கொண்டது. ‘ப்லேமோர்’, அதாவது கடல் ஓநாய், என்னும் புனைபெயரில் வான் வழக்கில் எழுதினார். முதல் உலகப்போரில் 1917இல் மாண்டார். ‘மண்டியிட்டு’ என்னும் பொருள்படும் அவருடைய கவிதைத் தொகுதி 1921இல், அவர் இறந்த பின்னரே அச்சேறியது. பிரெத்தோனும் பிரெஞ்சும் எதிரெதிராக.

அதிலிருந்து சில பக்கங்களைப் படியெடுத்து வந்திருக்கிறேன். பிரெத்தோன் அகராதியின் துணையால் சொல்லுக்குச் சொல் பொருள் குறிக்கத் தொடங்கியுள்ளேன். அடுத்த திங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். பிரெஞ்சு அறிந்தோர் வலப்பக்கத்தை வைத்துக்கொள்ளலாம். நாமெல்லாரும் இடப்பக்கத்திலிருந்து தொடங்குவோம்.