கதவும் காவலும்



வீட்டுக்குக் காவல் என்றதும் முன்னாளில் நம் மனத்தில் தோன்றியது ஒரு பூட்டும் ஒரு நாயும். இப்பொழுது அவற்றோடு கமராவும், ஆள் நடமாட்டம் உணர்ந்தால் ஓசை எழுப்பும் கருவியும் சேர்ந்துகொண்டன. கொழும்பிலோ வளைகுடா நாடுகளிலோ உழைக்கும் பிள்ளைகள் விடுமுறையில் தோட்டத்திற்கு வரும்போது, முதிய பெற்றோருக்கென இவற்றை வாங்கிப் பொருத்திச் செல்வதும் உண்டு. அவர்கள் அன்பைக் குறைகூற வரவில்லை. எதற்குக் காவல், யாருக்குக் காவல் என்பதை முதலில் எண்ணிப் பார்த்து, அதன் பின்னரே கடைக்குச் செல்லவேண்டும் என்பதே நான் கூற வந்தது.

பழைய லயங்களை எண்ணிப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக, பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியவாறு அமைந்திருந்தன. நடுச்சுவர் கூரை வரை எழும்பாத லயங்களும் பல. ஒரு காம்பராவில் குழந்தை இருமினால் மூன்றாவது காம்பராவில் கேட்கும். குடும்ப இரகசியம் என்ற ஒன்று அங்கே நிலைக்க இயலாது. அந்த வாழ்வைப் புகழ்ந்து பாட எனக்கு மனமில்லை. ஆயினும் அந்நியன் ஒருவன் லயத்துப் பக்கம் வந்தால், இஸ்தோப்பில் அமர்ந்திருக்கும் பாட்டி, "யாருப்பா அது, யார் வீட்டுக்கு?" என்று கேட்காமல் விடமாட்டாள். தொங்கல் காம்பராக்காரர் வேலைக்குப் போனாலும் அவர் கதவை அடுத்த வீட்டார் கண் காத்திருந்தது. இதெல்லாம் தனித் திருடனுக்கு மட்டுமே போதிய காவல். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் கும்பல் திரண்டு வந்தபோது, பூட்டும் காக்கவில்லை, பாட்டியின் குரலும் காக்கவில்லை. அதனைத் தடுக்கவேண்டியது கதவு அன்று, அரசு.

இன்று தனி வீடுகள் எழுகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த பத்தாயிரம் வீடுகளும், அதற்கு முன் தொடங்கிய நாலாயிரமும், ஒரு குடும்பத்திற்கு ஒரு வீடு என்ற திட்டத்தைச் சேர்ந்தவை. தன் சுவரில் ஓர் ஆணி அடிக்கத் துரையின் அனுமதி வேண்டாம் என்பது சிறிய மாற்றம் அன்று. ஆனால் வீடுகள் விலக விலக, பாட்டியின் குரல் எட்டும் தூரமும் குறைகின்றது. ஆகவே பூட்டைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

பூட்டின் விலையைப் பார்ப்பவர் பலர். கொண்டியைப் பார்ப்பவர் சிலர். விலையுயர்ந்த ஆமைப்பூட்டை மெல்லிய கொண்டியில் மாட்டி, அதன் திருகாணிகள் வெளியே தெரியும்படி விட்டால், திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். திருப்புளி ஒன்றே அவனுக்குப் போதும். கொண்டியை மடித்துப் பூட்டியதும் ஆணித் தலைகள் மறைந்துவிட வேண்டும். நிலையின் மரம் ஈரத்தில் உக்கியிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். நம் மழையிலும் பனிமூட்டத்திலும் பூட்டு துருப்பிடிப்பது இயல்பு. பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவித்துளையில் இடுவது நல்ல வழக்கம். வாசலில் ஒரு மின்குமிழும் வேண்டும். நகையை அலுமாரியில் வைத்துவிட்டு உறங்காமல் கிடப்பதைவிட வங்கியில் வைப்பது மேல்.

நாய் வளர்ப்போருக்கு ஒரு சொல். ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கக் காட்டுத் துண்டுகளில் சிறுத்தை வாழ்கின்றது. கட்டிப்போட்ட நாய் அதற்கு எளிய இரை. இரவில் நாயை உள்ளே கட்டுங்கள். கம்பிக் கண்ணி வைத்துக் காவல் செய்யும் வழக்கத்தையோ அறவே விடவேண்டும். கண்ணி ஆளையும் அறியாது, விலங்கையும் அறியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்ததைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள்.

இனி, நான் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகின்றேன். ஒரு நாள் காலை, கொழுந்தெடுக்க எல்லோரும் மலைக்குப் போன பின்னர், ஒரு லயத்தின் வழியே நடந்தேன். ஒரு கதவில் வெளியே பெரிய பூட்டுத் தொங்கிற்று. பக்கத்துச் சன்னல் கம்பிகளுக்கிடையே ஒரு சிறு பிள்ளையின் முகம் தெரிந்தது. தாய் பொல்லாதவள் அல்லள். பிள்ளை ஓடைப் பக்கம் போய்விடக்கூடாதே என்ற அச்சத்தால் பூட்டிச் சென்றிருந்தாள். அடுப்பில் கனல் இருந்ததா என்று நான் அறியேன். லயத்தில் தீப்பிடித்தால் அது ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. ஒரே கூரை வழியே ஓடும். பழைய மின்கம்பிகளில் ஏற்படும் ஒழுக்கும் குப்பி விளக்கும் எத்தனை லயங்களை எரித்திருக்கின்றன என்பது நமக்குத் தெரியாததன்று. அவ்வேளையில் திறப்பு மலையில், பிள்ளை உள்ளே!

ஆளை உள்ளே விட்டு வெளியே பூட்டுவது எக்காரணத்தாலும் ஆகாது. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விடுங்கள். முதியவரை விட்டுச் செல்வதாயின், உள்ளிருந்து அவர் கையாலேயே திறக்கக்கூடிய தாழ்ப்பாள் வையுங்கள். எல்லாச் சன்னலுக்கும் கம்பி அடித்தால், ஒன்றையேனும் உள்ளிருந்து கழற்றத்தக்கதாக அமையுங்கள்.

கமராவுக்கும் இதே அளவுகோல்தான். வீட்டுக்குரிய கண்காணிப்புக் கருவியொன்றை ஆக்கி, 1969 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் கறுப்பினத் தாதி. நியூயோர்க்கில் வேளை தவறிய வேலைநேரமும், அழைத்தால் தாமதித்து வரும் பொலிசும் அவரை அதற்குத் தூண்டின. வாசலில் நிற்பவரைத் திரையில் காணலாம், பேசலாம், உதவிக்கு அழைக்கலாம். விரும்பினால் படுக்கையிலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தானும் உண்டு. காவலையும் திறத்தலையும் அவர் பிரிக்கவில்லை.

நம் மலைநாட்டில் கமரா வாங்குவோர் சிலவற்றை முன்னரே அறிதல் நன்று. இரவில் அது கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிரை வீசிப் பார்க்கின்றது. பனிமூட்டம் அக்கதிரைத் திருப்பி வீசுவதால் திரையில் வெண்மையன்றி வேறொன்றும் தெரிவதில்லை. மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நாடு இருளில் கிடந்ததை மறந்துவிட வேண்டாம். மின்கலத்தில் இயங்கும் ஓசைக்கருவி இவ்வகையில் மேலானது; ஆனால் பூனைக்கெல்லாம் அது அலறினால் மூன்றாம் நாள் எவரும் எழுந்து பார்க்கமாட்டார். பொலிஸ் அவசர அழைப்பு இலக்கமாகிய 119 ஐ முதியவர் கண்ணில் படும்படி பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கமராவை உங்கள் வாசலை நோக்கியே பொருத்துங்கள். எதிர்வீட்டு வாசலை நோக்கி அன்று. எதிர்வீட்டுப் பெண்பிள்ளை கூந்தல் உலர்த்துவதையும், அவள் வீட்டிற்கு யார் வருகிறார் என்பதையும் உங்கள் கருவி பதிந்து வைத்தால், அவ்வீட்டார் உங்கள் பக்கம் பார்ப்பதையே விட்டுவிடுவர். நீங்கள் திருவிழாவுக்கு ஊர் சென்றிருக்கும் இரவில் கதவோரம் ஓசை கேட்டால், விளக்கேற்றி வெளியே வரவேண்டியவர் அவரே. பொருத்துவதற்கு முன்னர் அவரையும் அழைத்து, இது எவ்வளவு தூரம் காணும் என்று காட்டிவிடுங்கள். மற்றொரு திறப்பையும் அவரிடமே கொடுத்து வைக்கலாம்.