விவாக விடுதலையும் தகப்பன்மார் முறையீடும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



விவாகரத்துச் சட்டமும், குழந்தையை யார் வசம் ஒப்புவிப்பது என்னும் சட்டமும் புருஷர்களுக்கு நியாயம் செய்கின்றனவா என்ற கேள்வி நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகின்றது. ‘சட்டமெல்லாம் பெண்கள் பக்கமே’ என்பர் சிலர். ‘ஆண்பிள்ளைக்கு என்ன குறை?’ என்பர் வேறு சிலர். சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தபின் அபிப்பிராயம் சொல்வதே நமக்கு அழகாகும்.

அக்காலச் சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்துரிமையை 1949ஆம் வருஷத்துச் சட்டம் அளித்தது. பின்னர் 1955ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டம் வந்தது. கொடுமை செய்தல், கைவிட்டுப் போதல், விபசாரம் முதலிய காரணங்கள் அதில் இருபாலார்க்கும் பொதுவே. இருவரும் இசைந்து பிரியும் வழி 1976இல் சேர்க்கப்பட்டது. மனைவிக்கு மாத்திரம் உரிய காரணங்களும் சில உள. 15 வயதுக்குமுன் தனக்குச் செய்வித்த விவாகத்தை 18 வயதுக்குள் அவள் மறுத்தமை அவற்றுள் ஒன்று. இதனைப் பட்சபாதமென்று நியாயமுள்ள புருஷன் எவனும் கூறான்.

ஜீவனாம்ச விஷயத்தில், போதிய வருமானமற்ற கணவனும் மனைவியிடம் கேட்கலாம் என்று அச்சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகள் இடந்தருகின்றன. இது நம்மவருள் பலர் அறியாதது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 144ஆம் பிரிவிலோ மனைவிக்கு இடமுண்டு, கணவனுக்கு இல்லை. ஆயினும், வீட்டுவேலையிலேயே வருஷங்களைக் கழித்துக் கையில் காசின்றி நிற்பவர் பெரும்பாலும் பெண்களே என்பதை நாம் மறத்தலாகாது. இருதரத்தாரும் தத்தம் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணத்தோடு வெளியிடவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2020இல் விதித்தது. ஒளிக்காதவனுக்கு இதனால் நன்மையே.

குழந்தை விஷயத்திலும், 1956ஆம் வருஷத்துச் சட்டம் இயற்கைப் பாதுகாவலர் தகப்பனே, அவனுக்குப்பின் தாய் என்றுதான் சொல்லுகின்றது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்பது அதிலுள்ள விலக்கு. தகப்பன் உயிரோடிருக்கும்போதே தாயும் பாதுகாவலராகலாம் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் தீர்ப்பாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலமே பிரதானம் என்பது 13ஆம் பிரிவு. எழுத்தளவில் தகப்பன் தள்ளப்பட்டவன் அல்லன்.

நிற்க. ஆயினும் தகப்பன்மார் முறையீடு பொய்யன்று. விவாகச் சட்டத்தின் 26ஆம் பிரிவை நோக்குக. வழக்கு நடக்கும்போது குழந்தையின் பராமரிப்புச் செலவுக்கும் படிப்புக்கும் போடும் மனுவை, எதிரிக்கு நோட்டீஸ் சார்வாகி 60 நாட்களுக்குள் கூடியவரையில் முடிக்கவேண்டுமென்று 2001இல் திருத்தினார்கள். மெத்தச் சரி; பசி காத்திராது. ஆனால் பெற்றவன் குழந்தையைக் காணக் கேட்கும் மனுவுக்கு அப்பிரிவில் அத்தகைய கெடு இல்லை. பணத்துக்குக் கெடு உண்டு. முகதரிசனத்துக்குக் கெடு இல்லை!

இதன் பலன் யாது? வழக்குத் தொடங்குகையில் மூன்று வயதாயிருந்த குழந்தை, முடிகையில் மூன்றாம் வகுப்பில் வாசிக்கின்றது. ‘பழகிய வீட்டைவிட்டு இதனைப் பிரிக்கலாமா?’ என்று கோர்ட்டார் கேட்கின்றனர். கேள்வி நியாயமே, ஆனால் விடையைக் காலதாமதம் முன்னமே எழுதிவிட்டது. கணவன் வீட்டார் குழந்தையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு தாயை வாசலோடு அனுப்பிய இடத்திலும் இதே அநியாயம்தான். ஆகவே ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், குழந்தையைப் பிரிந்து நிற்பவர் எவரோ அவரே இதில் நஷ்டப்படுகின்றனர். தாய் தந்தை இருவரும் சேர்ந்து வளர்க்கும் ஏற்பாட்டைச் சட்டமாக்கும்படி லா கமிஷன் 2015இல் தனது 257ஆம் அறிக்கையில் சிபாரிசு செய்தது. அது நிறைவேற நாமும் கேட்போமாக.

சட்டம் திருந்தும்வரை நாம் வாளாவிருப்பதா? பிணக்கு நம் பெரியோர்களிடம் வந்தவுடன், நகை எவ்வளவு, சீர் எவ்வளவு என்று கேட்குமுன், ‘குழந்தை எங்கே? மற்றவர் எந்தெந்த நாளில் பார்ப்பது?’ என்று கேட்கவேண்டும். இசைந்ததை உடனே எழுதிக் குடும்பக் கோர்ட்டில் தாக்கல் செய்விக்கவேண்டும், வாய்ப்பேச்சு நிலையாது. குழந்தையைக் காட்டவில்லை என்று தகப்பன் அதன் செலவுப் பணத்தை நிறுத்தலாகாது. பணம் வரவில்லை என்று தாய் குழந்தையை மறைக்கலாகாது. இரண்டும் குழந்தையின் பாத்தியதை. ஒன்றுக்கு ஒன்றை ஈடு வைக்க நமக்கு அதிகாரமில்லை. தாத்தா பாட்டிமாரும் குழந்தையின் காதில் மற்றவரைத் தூஷியாதிருப்பார்களாக.

கணவன் மனைவி உறவைக் கோர்ட்டார் அறுக்கலாம். தகப்பன் பிள்ளை உறவையும் தாய் பிள்ளை உறவையும் அறுக்க எந்தச் சட்டமும் எண்ணவில்லை. அதனை நம் கோபத்தால் நாமே அறுத்துவிடாதிருக்கவேண்டும்.